அத்தை சிங்கப்பூர்ல இல்லையே

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூர்ல இருந்து எழுதறேன். இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம் படிக்கிற என் பையன் ராத்திரி லேப்டாப்ல 'தி பிக் டால் ஹவுஸ்'னு ஒரு பழைய படம் பாத்துட்டு இருந்தான். பொம்பளைங்க ஜெயில்ல குளிக்கிறதும் அடி வாங்குறதும், எனக்கு கை கால் ஆடிப்போச்சு. கேட்டா "ஜெயிலுக்குப் போற பொம்பளைங்க அப்படித்தாம்மா"ன்னு சிரிக்கிறான். ஆம்பூர்ல கட்டிக்குடுத்த என் நாத்தனார் வேற சீட்டு கேஸ்ல தண்டனையாகி வேலூர் ஜெயில்ல இருக்கா, புருஷனும் விட்டுட்டுப் போய்ட்டான். சின்னதுல பையன வளர்த்ததே அவதான், அவன்கிட்ட சிங்கப்பூர்ல வேலைன்னு சொல்லி வச்சிருக்கோம், அந்த டென்ஷன் வேற. நெட்ட கட் பண்ணிடவா?

பதில்: வயசுப்பையன் லேப்டாப்ல என்ன பாக்குறான்னு பதறி வர்ற கடுதாசி எனக்குப் புதுசு இல்லம்மா, அதனால படத்த முதல்ல முடிச்சிடறேன். 1971ல ஜாக் ஹில் எடுத்தது, செலவு கம்மின்னு பிலிப்பைன்ஸ் போய் எடுத்தாங்க, காசு கொட்டுச்சு, அடுத்த வருஷமே அதே டைரக்டர் அதே நாட்டுல இன்னொரு ஜெயில் படம். நடிகை பாம் கிரியர் மேல வந்ததே இந்தப் படங்கள்லதான். 1974ல டைரக்டர் ஜோனதன் டெம்மியோட முதல் படமும் இதே சரக்கு, பின்னாடி ஆஸ்கார் வாங்கின டெம்மிதான். குளியல், சவுக்கு, கொடுமைக்கார வார்டன், கடைசில துப்பாக்கி தூக்கிட்டு தப்பிச்சு ஓடறது. பொம்பளைங்க எதிர்த்து நின்னுட்டாங்கல்லன்னு காட்டி அதுவரைக்கும் உடம்ப வித்ததுக்கு நியாயம் தேடிக்குவாங்க, எனக்கு அது ஒப்பவே ஒப்பாது. பையன்கிட்ட நேரா உக்காந்து சொல்லுங்க. நெட்ட கட் பண்ணா பக்கத்து வீட்டு வைஃபைல பாப்பான்.

நான் கேக்க வந்தது வேற. உங்க கண்ணுக்கு டென்ஷனா மட்டும் தெரியுற அந்தப் பொண்ண மனு போட்டு ஒரு தடவையாச்சும் போய்ப் பாத்தீங்களா? லெட்டர்ல அதப்பத்தி ஒரு வார்த்தை இல்ல, அவ பேரு கூட இல்ல. ஆம்பள உள்ள போனா ஆத்தாளும் பொண்டாட்டியும் ஜெயில் வாசல்ல வெயில்ல கால் கடுக்க நிப்பாங்க, பொம்பள போனா கூடப்பொறந்தவனே ரேஷன் கார்டுல பேர அடிக்கிற மாதிரி அடிச்சிட்டு சிங்கப்பூர்ங்கிறான். உங்க பையன் சிரிச்சுக்கிட்டே சொன்னது அவன இடுப்புல தூக்கி வளர்த்த அத்தைய, அது அவனுக்குத் தெரியாது, தெரிஞ்ச நீங்க கேட்டுட்டு நின்னுட்டு எனக்கு நெட்டப் பத்தி எழுதறீங்க! அவன் வேற எங்க போய் கத்துக்குவான், பெண்கள் சிறைன்னா என்னன்னு வீட்ல ஒருத்தரும் வாயத் திறக்கலன்னா படத்துல காட்டறதுதான் அவனுக்கு ஜெயில். நிஜத்துல அங்க கைக்குழந்தையோட இருக்கிற அம்மாங்க உண்டு, ஆறு வயசு வரைக்கும் பிள்ளைய கூட வச்சுக்கலாம்னு 2006ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருக்கு. மனு நாள் அன்னிக்கு தன் பேரக் கூப்பிடுவாங்களான்னு சாயங்காலம் வரைக்கும் காத்திருக்கிறவங்களும் உண்டு, உங்க நாத்தனார் அதுல ஒருத்தியா இருப்பா.

தப்பு பண்ணிருந்தா கோர்ட்டு தண்டனை குடுத்தாச்சு, அதுக்கு மேல கைவிட நீங்க யாரு? கூடப்பொறந்தவங்கிறது நல்ல நாளைக்கு சீர் வாங்கிக்க மட்டும் இல்ல.

பையன்கிட்ட இந்த வாரமே உண்மையச் சொல்லுங்க, உங்க வீட்டுக்காரர வச்சுக்கிட்டே சொல்லுங்க. பொய் சொன்னதுக்கு அவன் கோவப்படுவான், படட்டும். அப்பீல் போட்டாச்சான்னு விசாரிங்க, போடலன்னா கோர்ட்ல இருக்கிற சட்டப் பணிகள் ஆணைக்குழுல கேளுங்க, பொம்பளைங்களுக்கும் ஜெயில்ல இருக்கிறவங்களுக்கும் வக்கீல் இலவசம், 15100க்கு போன் போட்டாலும் வழி சொல்லுவாங்க. அவ ஜெயில்ல இருந்து வீட்டுக்கு வந்து போக லீவு கேட்டா நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரிப்பாங்க, அப்ப நாங்க வச்சுக்கிறோம்னு தயங்காம சொல்லணும். விழுப்புரம், திருவண்ணாமலை வழியா வேலூருக்கு பஸ் இருக்கு, எல்லாரும் ஆதார் எடுத்துக்கங்க, உங்க வீட்டுக்காரர் வர மாட்டேன்னா நீங்களும் பையனும் மட்டும் கிளம்புங்க.