கேள்வி-பதில்: திரையை அடுக்கும் மென்பொருளும் திரும்பாத பணமும்

கும்பகோணம், அச்சகம் நடத்துபவர்: திருமணப் பத்திரிகை வேலைக்குப் பேஜ்மேக்கரும் கோரல்டிராவும் பயன்படுத்துகிறேன். லினக்ஸில் டைலிங் விண்டோ மேனேஜருக்கு மாறலாமா?

வேண்டாம். டைலிங் விண்டோ மேனேஜர் என்பது சாளரங்களைத் தானாகவே திரையில் பக்கம்பக்கமாக அடுக்கி, பெரும்பாலும் மௌஸ் இல்லாமல் விசைச் சேர்க்கைகளாலேயே இயக்க விடும் மென்பொருள்; உங்கள் பிழைப்போ விண்டோஸில் இருக்கிறது. விண்டோஸ் விசையுடன் அம்புக்குறியை அழுத்தினாலே சாளரங்கள் பக்கம்பக்கமாக நிற்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்ட் இலவசமாகவே தரும் பவர்டாய்ஸில், திரையைக் கட்டங்களாகப் பிரித்துச் சாளரங்களைப் பொருத்தும் ஃபேன்ஸிஸோன்ஸ் இருக்கிறது.

தஞ்சாவூர் வாசகர்: காணொளிகளைப் பார்த்து ஆசைப்பட்டு, டைலிங்குக்காகவே 34 அங்குல மானிட்டரும் கிராபிக்ஸ் கார்டும் வாங்கினேன். விசைச் சேர்க்கைகள் மனத்தில் நிற்கவில்லை. கடைக்காரர் திரும்ப எடுக்க மறுக்கிறார்.

அவர் மறுப்பது சரிதான். பழுதான பொருளைத் திரும்ப எடுக்கத்தான் சட்டம் சொல்கிறதே தவிர, ஆசை தீர்ந்த பொருளை அன்று. இருக்கும் உபுண்டு லினக்ஸிலேயே ஐ3 என்ற டைலிங் விண்டோ மேனேஜரை நிறுவி, உள்நுழையும் திரையில் அதைத் தேர்ந்தெடுத்துப் பார்த்திருக்கலாம். பிடிக்காவிட்டால் அடுத்த முறை பழைய மேசைத்தளத்தையே தேர்ந்தெடுத்து உள்ளே போயிருக்கலாம். காசே செலவாகாத இந்தச் சோதனையைக்கூடச் செய்யாமல் கடைக்கு ஓடியவருக்கு நான் என்ன சொல்ல? சாளரங்களை அடுக்குவதற்குக் கிராபிக்ஸ் கார்டு எதற்கு என்பதும் எனக்கு விளங்கவில்லை.

திருவாரூர், ஓய்வுபெற்ற ஆசிரியை: மௌஸ் பிடித்தால் மணிக்கட்டு வலிக்கிறது என்றேன். கணினிக் கடைக்காரர் ஐ3-ஐப் போட்டுக் கொடுத்து, அதன் லைசென்ஸுக்கு என்று 3,500 ரூபாய் வாங்கிக்கொண்டார். இலவசம் என்கிறான் பேரன். கையில் ‘எஸ்டிமேட்’ என்று எழுதிய துண்டுச்சீட்டு மட்டுமே இருக்கிறது.

பேரன் சொல்வதுதான் உண்மை, அம்மா. மிக்கேல் ஸ்டாபெல்பெர்க் தொடங்கிய ஐ3, 2009 முதல் வெளிவரும் திறந்த மூல மென்பொருள். அதைப் பயன்படுத்த யாருக்கும் உரிமத் தொகை கட்ட வேண்டியதில்லை. நிறுவிக் கொடுத்ததற்குக் கூலி கேட்டிருந்தால் அது நியாயம். இல்லாத லைசென்ஸுக்கு விலை வைத்தது ஏமாற்று.

இந்த எஸ்டிமேட் சீட்டைப் பற்றிச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. டெல்டாவில் எந்த ஊர்க் கடைவீதிக்குப் போனாலும், பில் வேண்டுமென்றால் வரி சேரும் என்று மிரட்டிவிட்டு, கடையின் பெயர்கூட இல்லாத ஒரு தாளை நீட்டுகிறார்கள். பில் தராததையே நியாயமற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாக 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சேர்த்திருக்கிறது என்பது விற்பவருக்கும் தெரியும். வாங்குபவர் கேட்க மாட்டார் என்பதும் தெரியும். நானும் அப்படி ஒரு விசைப்பலகையை வாங்கி, டைலிங்குக்கு உயிர்நாடியான விண்டோஸ் விசை இரண்டாம் மாதமே அழுந்தாமல் போனபோது, வாரண்டி கேட்கப் போய் வெறுங்கையோடு திரும்பியவன்.

சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள், பணத்தை ஜிபேயில் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவும் சான்றாகும். முதலில் பணத்தைத் திருப்பித் தரும்படி பதிவுத் தபாலில் எழுதுங்கள். அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது: கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமில்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, ஆனால் 2 ஆண்டுகளுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும்.

மயிலாடுதுறை வாசகர்: 4 ஜிபி ரேம் உள்ள பழைய கணினி. ஐ3 போட்டால் வேகமாகிவிடுமா?

ஐ3 தன் பங்குக்குக் குறைவாகவே தின்னும். பிரவுசரின் பசி அப்படியே இருக்கும். ரேம் வாங்குங்கள், பில்லோடு.

மன்னார்குடி, பொறியியல் மாணவர்: ஐ3, டிடபிள்யூஎம் இரண்டில் எது? அடுத்த மாதம் செமஸ்டர் தேர்வு.

ஐ3 போலவே டைலிங் விண்டோ மேனேஜரான டிடபிள்யூஎம்மில் ஒரு விசையை மாற்றவும் சி மொழிக் கோப்பைத் திருத்தி மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். ஐ3-இல் சாதாரண உரைக்கோப்பைத் திருத்தினால் போதும். தேர்வு முடியும்வரை இரண்டுமே வேண்டாம்.