புது ராஸ் மீனை விடுறதுக்கு முன்னாடி அந்த சிக்ஸ் லைனைக் கொஞ்சம் கவனிங்க

கேள்வி: என்கிட்ட 2 வருஷமா ஓடுற 300 லிட்டர் கடல்மீன் டேங்க் இருக்கு. ஒரு ஜோடி க்ளவுன், ஒரு ராயல் கிராமா, ஒரு சிக்ஸ் லைன் ராஸ், ரெண்டு க்ளீனர் இறால், கொஞ்சம் சாஃப்ட் கோரல். போன மாசம் ஒரு ஃபேரி ராஸ் வாங்கிட்டு வந்து பையை ஒரு மணி நேரம் மிதக்க விட்டு அப்படியே உள்ள விட்டேன். சிக்ஸ் லைன் நாள் முழுக்க அதை விரட்டிக்கிட்டே இருந்துச்சு. ரெண்டாம் நாள் காலைல மீனைக் காணோம், நாலு நாள் கழிச்சு ஸ்டாண்டுக்குப் பின்னாடி காஞ்சு கெடந்துச்சு. இப்ப யெல்லோ கோரிஸ் ராஸ் வாங்க ஆசை. எப்படி விட்டா பொழைக்கும்? இறாலைத் தின்னுடுமா?

பதில்: முதல்ல ஒரு விஷயம், நீங்க மூடி பத்தி எழுதவே இல்ல, அதுலயே எனக்குப் பாதி பதில் கெடைச்சிருச்சு. ராஸ் எல்லாமே குதிக்கும். பயந்தா குதிக்கும், விரட்டினா குதிக்கும், ராத்திரி திடீர்னு லைட் போட்டாலும் குதிக்கும், அதுலயும் ஃபேரி ராஸ்தான் எல்லாத்துக்கும் மேல. அதனால மீன் வாங்குறதுக்கு முன்னாடி 6 மில்லிமீட்டர் கண் இருக்கிற மெஷ்ல மூடி போடுங்க. பைப் உள்ள போற மூலை, பவர்ஹெட் (தண்ணியச் சுழல விடுற மோட்டார்) வயர் வர்ற சந்து, ஓவர்ஃப்ளோ (தண்ணி வழிஞ்சு வெளிய போற பெட்டி) மேல இருக்கிற இடைவெளி எதையும் விடாதீங்க, டேங்க் முழுக்க மூடி இருந்தாலும் மீன் கரெக்டா அந்த ரெண்டு விரல் சந்துலதான் வெளிய வரும், எப்படித்தான் கண்டுபிடிக்குதோ தெரியல.

அடுத்தது சிக்ஸ் லைன். பாக்க விரல் நீளம்தான், ஆனா 2 வருஷமா அந்தப் பாறைல இருக்கிற ஒவ்வொரு பொந்தும் அதுக்கு மனப்பாடம். ஃபேரி ராஸும் ராத்திரி பாறைப் பொந்துக்குள்ளதான் சளியால ஒரு கூடு கட்டித் தூங்கும், சிக்ஸ் லைனும் அதே மாதிரிதான். அப்ப புதுசா வந்தவன் எந்தப் பொந்துல நுழைஞ்சாலும் அது இவன் வீடு, தூங்க எடமில்லாம கடைசில மேல வந்து நின்னு, அங்கயும் விரட்டு வாங்கித் தாவிருக்கும். யெல்லோ கோரிஸ் விஷயத்துல உங்களுக்கு ஒரு லாபம் இருக்கு, அது பாறைல தூங்காது, மணலுக்குள்ள புதைஞ்சுதான் தூங்கும். ராத்திரித் தகராறு குறையும். பகல்ல ரெண்டும் பாறைல ஒரே மாதிரி பூச்சிதான் பொறுக்கும், அதனால சண்டையே வராதுன்னு நெனச்சுக்காதீங்க.

மணல்னு சொன்னேன்ல, அது உங்ககிட்ட எவ்வளவு இருக்குன்னு பாருங்க. குறைஞ்சது 5 சென்டிமீட்டர் ஆழம் வேணும், சர்க்கரை மாதிரி நைஸ் மணலா இருக்கணும். உடைச்ச கோரல் துண்டு போட்டிருந்தா உடம்பு கீறிப் புண்ணாயிடும். டேங்க் முழுக்கப் போட முடியலன்னா ஒரு மூலைல மட்டுமாவது ஆழமாப் போடுங்க.

வாங்கும்போது ரொம்பக் குட்டியா வாங்காதீங்க, சிக்ஸ் லைன் அளவுக்காவது இருக்கணும். கடைல உங்க கண்ணு முன்னாடி சாப்பிடச் சொல்லிப் பாருங்க. முதுகு ஒட்டிப்போன ராஸை எவ்வளவு கம்மி விலைக்குக் குடுத்தாலும் வேண்டாம், அது தேறுறது கஷ்டம்.

இப்ப பை விஷயம். பை மூடியிருக்கும்போது மீன் விடுற மூச்சால தண்ணில கார்பன் டை ஆக்சைடு சேரும், பிஎச் எறங்கும், அதனால உள்ள சேர்ந்த அம்மோனியா அவ்வளவா கடிக்காது. பையைப் பிரிச்ச உடனே கார்பன் டை ஆக்சைடு வெளிய போயிடும், பிஎச் ஏறும், அதே அம்மோனியா விஷமாயிடும். அதனால பல மணி நேரம் பைல பயணம் பண்ணி வந்த மீனைப் பையைத் தொறந்து வெச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாத் தண்ணி விடுறது நல்லதுன்னு நெனச்சு நாமளே கெடுதல் பண்றது. கடைத் தண்ணியோட உப்பளவை முன்னாடியே கேட்டு வெச்சுக்கிட்டு, குவாரண்டைன் டேங்கை (புது மீனைக் கொஞ்ச நாள் தனியா வெச்சுப் பாக்குற தொட்டி) அதே அளவுக்கு ரெடி பண்ணிட்டா பையை மூடினபடியே மிதக்க விட்டுச் சூடு சமமானதும் மீனை மட்டும் எடுத்து விட்டுடலாம். நெறைய கடைல உப்பை 1.019 (ஸ்பெசிஃபிக் கிராவிட்டி கணக்குல) மாதிரி கம்மியா வெச்சிருப்பாங்க, உங்க டேங்க் 1.025னா ஒரே நாள்ல ஏத்தாதீங்க, சில நாள் எடுத்துக்கோங்க. உப்பு எறங்கினா மீன் தாங்கும், ஏறினாதான் தவிக்கும்.

குவாரண்டைனா, ஒரு மீனுக்கா அப்படின்னு கேக்காதீங்க. வெள்ளைப்புள்ளி நோய் உள்ள வந்துட்டா அதோட முட்டைக்கூடு பாறைலயும் மணல்லயும் ஒட்டிக்கும், அப்புறம் எல்லா மீனையும் வெளிய எடுத்து டேங்கை மீனில்லாம ஓட விடணும், நம்ம ஆளுங்க அதுக்கு 76 நாள்னு கணக்கு வெச்சிருக்காங்க. அதுக்கு ஒரு மாசம் தனியா வெச்சுப் பாக்குறது எவ்வளவோ மேல். அந்த டேங்க்ல ஒரு டப்பால மணல் வெச்சாதான் அது தூங்கும். காப்பர் மருந்து போடுறதா இருந்தா சிலிக்கா மணலா வைங்க, கோரல் மணல் மருந்தை உறிஞ்சிடும்.

இனிமேதான் முக்கியமான கட்டம். பெரிய டேங்க்குக்கு மாத்தும்போது நேரா விடாதீங்க, அக்ளிமேஷன் பாக்ஸ்ல போடுங்க. ஓட்டை போட்ட கண்ணாடி மாதிரி அக்ரிலிக் டப்பா, டேங்க் ஓரத்துல மாட்டிடலாம், அதுக்கும் மேல மூடி வேணும். உள்ள ஒரு கிண்ணத்துல மணல் வைங்க. சிக்ஸ் லைன் வந்து பாக்கும், துடுப்பை விரிச்சுக் காட்டும், முட்டும், ஒண்ணும் பண்ண முடியாது. புதுசுக்கு டப்பாக்குள்ளயே தீனி போடுங்க, அதே நேரத்துல வெளிய மத்ததுக்கும் போடுங்க. நாலஞ்சு நாள்ல சிக்ஸ் லைனுக்கு போர் அடிச்சுரும், டப்பாவைத் திரும்பிக்கூடப் பாக்காமத் தன் வேலையப் பாத்துட்டுப் போகும். அதுதான் உங்களுக்கு சிக்னல், நாள் கணக்கு இல்ல. ஒரு வாரம் ஆகியும் டப்பாவையே சுத்துதுன்னா ஆளை மாத்துங்க, சிக்ஸ் லைனைப் பிடிச்சு டப்பால போட்டுட்டுப் புதுசை வெளிய விடுங்க, சில நாள் கழிச்சு அது வெளிய வரும்போது டேங்க்ல ஏற்கனவே ஒருத்தன் குடியிருப்பான். வலையால பிடிக்க மட்டும் முயற்சி பண்ணாதீங்க, பாறை எல்லாம் கலைஞ்சதுதான் மிச்சம், தீனி வெச்ச ட்ராப்தான் வேலை செய்யும்.

தொறந்து விடுற அன்னிக்கு எல்லாருக்கும் வயிறு நெறைய மைசிஸ் (தீனியாப் போடுற குட்டி இறால் மாதிரி உயிரி) போட்டுட்டு, லைட் அணையறதுக்கு ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடி விடுங்க, படுக்க எடம் தேட அதுக்கு வெளிச்சம் வேணும். முன்னாடியே ரெண்டு மூணு கல்லை நகத்தி வெச்சா சிக்ஸ் லைனுக்கும் எடம் புதுசாத் தெரியும். அப்பவும் விரட்டினா வெளிக் கண்ணாடில ஒரு சின்ன முகம் பாக்குற கண்ணாடிய ஒட்டி வைங்க, பாதி நேரம் அது தன் நிழலோடயே மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கும்.

விட்ட உடனே மீன் மணலுக்குள்ள போயி ரெண்டு மூணு நாள் வெளிய வரலன்னா பதறாதீங்க, தயவுசெஞ்சு தோண்டாதீங்க. நான் ஒரு தடவ செத்துருச்சுன்னு முடிவே பண்ணி மூணாம் நாள் மணலைக் கிளறினேன், அது அம்பு மாதிரி கிளம்பி வந்து கண்ணாடில முட்டி வாய் கிழிஞ்சு, அப்புறம் நாலு நாள் தீனியே தொடல. சும்மா விட்டிருந்தா அதுவே வந்திருக்கும். வெளிய வந்தப்புறம் துடுப்பு கிழிஞ்சிருக்கு, மேல் மூலைலயே நிக்குது, மூச்சு வேகமா வாங்குது, தீனிக்கு வரலன்னா மட்டும் யோசிக்காம மறுபடி பாக்ஸ்ல போடுங்க. நல்லா இருக்குன்னா தினம் ரெண்டு மூணு தடவையாப் பிரிச்சு தீனி போடுங்க, பகல் முழுக்க நீந்திக்கிட்டே இருக்கிற மீன், ஒரு வேளை தீனி பத்தாது.

இறாலைக் கேட்டீங்க. பெரிய க்ளீனர் இறாலை யெல்லோ கோரிஸ் பொதுவா சீண்டாது, ஆனா தோல் உரிச்ச அன்னிக்கு மெத்துன்னு இருக்கும்போது எந்த ராஸுக்கும் நான் ஜாமீன் தர மாட்டேன். குட்டி இறால், சின்ன நத்தை, பிரிஸ்டில் வார்ம்ங்கிற தொட்டாக் குத்துற முள்ளுப் புழு இதெல்லாம் கொறையும். இதுல கடைசி ஒண்ணு கொறையுதுன்னு நீங்க வருத்தப்பட மாட்டீங்கன்னு நெனக்கிறேன்.