மருத்துவர் பதில்கள்: வலிக்காத பாதத்திற்கு மாவுக்கட்டு எதற்கு?

கேள்வி: என் கணவருக்கு 59 வயது, 17 ஆண்டுகளாக நீரிழிவு இருக்கிறது. சென்ற மாதம் இடது பாதம் சிவந்து வீங்கி, தொட்டால் சுடும் அளவுக்கு ஆனது. கிருமித் தொற்று என்று முதலில் மாத்திரை கொடுத்தார்கள், குறையவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு எம்ஆர்ஐ எடுத்து, ‘ஷார்கோ பாதம்’ என்று கூறி, முழங்காலுக்குக் கீழ்வரை மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். வலி இல்லாததால் அவர் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறார். தைப்பூசத்தன்று மட்டும் கட்டைக் கழற்றிவிட்டு, நேர்ந்துகொண்டபடி சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு வரை பால்குடம் எடுக்க வேண்டும் என்கிறார். அனுமதிக்கலாமா?
– வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: அனுமதிக்க வேண்டாம், சகோதரி. நேர்த்திக்கடன் அவருக்கு எவ்வளவு முக்கியம் என்பது எனக்குப் புரிகிறது. ஆயினும் இந்த நிலையில் வெறுங்காலுடன் அவ்வளவு தூரம் நடந்தால், இன்று காப்பாற்றக்கூடிய பாதம் நிரந்தரமாக உருக்குலைந்துவிடக்கூடும்.

ஷார்கோ பாதம் இப்படித்தான் உருவாகிறது: நீண்டகால நீரிழிவால் நரம்புகள் உணர்விழக்கும்போது, பாதத்தில் ஏற்படும் சிறு சுளுக்கையோ மயிரிழை முறிவையோ நோயாளி அறிவதில்லை. அறியாமல் அவர் தொடர்ந்து நடக்க, அழற்சி பெருகி, எலும்புகள் வலுவிழந்து உடைந்து, மூட்டுகள் இடம் பெயர்கின்றன. பாதத்தின் நடுப்பகுதி சரிந்து, உள்ளங்கால் கீழ்நோக்கிப் புடைத்துவிட்டால், அந்த மேட்டில் புண் உண்டாகும். புண்ணில் தொற்று ஏறி எலும்பை எட்டினால் காலையே இழக்க நேரிடலாம். சிலருக்கு ஓரளவு வலி இருக்கும், ஆனால் சேதத்தின் அளவுக்கு ஏற்ற வலி இராது. வலி இல்லாததை உங்கள் கணவர் குணமடைந்ததன் அறிகுறியாக எடுத்துக்கொள்வதுதான் எனக்குப் பெரும் கவலை அளிக்கிறது. பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் ஷார்கோ 1868இல் இத்தகைய மூட்டுச் சிதைவை விவரித்தார். நீரிழிவுடன் அதற்குள்ள தொடர்பு 1936இல் பதிவாயிற்று.

தொடக்கத்தில் எக்ஸ்ரே இயல்பாகவே இருக்கலாம் என்பதால் தொற்று, கௌட் (யூரிக் அமிலத்தால் வரும் மூட்டழற்சி), கால் இரத்தக்குழாயில் இரத்த உறைவு என்றெல்லாம் இந்நோய் தவறாகக் கருதப்படுவதுண்டு. உணர்வு குறைந்த ஒரு பாதம் மட்டும் சூடாகச் சிவந்து வீங்கினால், காயமே இல்லாவிட்டாலும், வேறு காரணம் உறுதியாகும் வரை அதன்மீது உடல் எடை விழாமல் காப்பதே பாதுகாப்பானது.

மாத்திரைகளால் இந்தச் சிதைவை நிறுத்த முடிவதில்லை. எலும்புத் தேய்மானத்திற்குத் தரப்படும் மருந்துகளும் இதில் பலன் தருவதாக நிறுவப்படவில்லை. சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது அவசியமே எனினும், அது மாவுக்கட்டுக்கு மாற்றாகாது. பாதத்தோடு முழுவதுமாக ஒட்டி அமையும், நோயாளியால் கழற்ற முடியாத கட்டுதான் முதன்மையான சிகிச்சை. வீக்கம் வடியும்போது கட்டு தளர்ந்து தோலை உராயும் என்பதால், தொடக்கத்தில் அதை அடிக்கடி மாற்றுவார்கள். அந்தச் சந்திப்பு எதையும் தவறவிடாதீர்கள். இரு பாதங்களின் வெப்பத்தையும் ஒப்பிட்டு, வேறுபாடு ஏறத்தாழ 2 டிகிரி செல்சியசுக்குள் வந்து, வீக்கமும் அடங்கி, படங்களிலும் எலும்பு ஆறியது தெரிந்த பின்னரே கட்டை நீக்குவது பற்றி மருத்துவர் முடிவெடுப்பார். இதற்குப் பல மாதங்கள் ஆகலாம். அதன் பிறகும் அவருக்கென்றே செய்த காலணி தேவைப்படும். பாதம் நிலைகுலைந்தோ, ஆறாத புண்ணுடனோ இருப்பவர்களுக்கே பெரும்பாலும் அறுவை சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது.

வீட்டுக்குள் நடப்பதும் நடைதான். சக்கர நாற்காலியையோ ஊன்றுகோலையோ எப்படிப் பயன்படுத்துவது என்று இயன்முறை மருத்துவரிடம் கேளுங்கள். தைப்பூசத்தன்று மகனோ மைத்துனரோ பால்குடத்தைச் சுமக்க, அவரைச் சக்கர நாற்காலியில் கோயிலுக்கு அழைத்துச் செல்ல முடியுமா என்று சிகிச்சையளிக்கும் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டிலிருந்து துர்நாற்றம் வீசினாலோ, காய்ச்சல் வந்தாலோ, காரணமின்றிச் சர்க்கரை ஏறினாலோ, அடுத்த சந்திப்புக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கூடுதல் பாரத்தைத் தாங்கும் வலது பாதத்தையும் நாள்தோறும் நீங்களே பார்த்து, தொட்டுச் சூட்டை அறியுங்கள். பலதுறை மருந்தகத்தில் ஆண்டுதோறும் செய்யப்படும் பாதப் பரிசோதனை இனி அவருக்குப் போதாது என்பதால், எத்தனை மாதங்களுக்கு ஒருமுறை வர வேண்டும் என்பதைப் பாத சிகிச்சை நிபுணரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.