சீலியாக் உள்ள பிள்ளைக்கு அமெரிக்கப் பள்ளியில் மதியச் சாப்பாடு

வணக்கம் சகோதரி. உங்கள் ஏழு வயது மகளுக்குச் சீலியாக் நோய், அதாவது கோதுமை, பார்லி, ரை தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைக் கெடுக்கும் நோய். வீட்டில் பால், முட்டைகூடச் சேர்க்காத வீகன் சாப்பாடு. ஆகஸ்ட்டில் டெக்சாஸில் பள்ளி தொடங்குகிறது. கஃபேட்டீரியாவை நம்பலாமா, டப்பா கட்டினால் செலவு கட்டுப்படியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். குளூட்டன் கூடாது என்பதும் வீகன் என்பதும் உங்கள் வீட்டில் ஒரே சமையல்தான். பள்ளிக்கு அவை இரண்டு வெவ்வேறு விஷயங்கள். சீலியாக் உடற்குறைபாட்டுச் சட்டத்துக்குள் வருகிறது. மத்திய அரசின் மதிய உணவுத் திட்டத்தில் உள்ள பள்ளி, மருத்துவரின் கடிதம் இருந்தால் மாற்று உணவு தந்தே ஆகவேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் வாங்கவும் கூடாது. வீகன் உங்கள் விருப்பம். பள்ளிக்கு மனமிருந்தால் செய்வார்கள், கட்டாயம் இல்லை. இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்து கேட்டால், கட்டாயமானதையும் விருப்பம் என்றே எடுத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது.

மருத்துவர் கடிதத்தில் மூன்று விஷயம் வேண்டும்: நோய் உணவை எப்படிக் கட்டுப்படுத்துகிறது, எதை விலக்கவேண்டும், பதிலாக எதைத் தரலாம். 'கோதுமை அலர்ஜி' என்று மட்டும் எழுதிவிட்டால் கோதுமையை மட்டும்தான் பார்ப்பார்கள். பார்லி மால்ட் சேர்த்த சீரியல் தட்டுக்கு வந்துவிடும். கோதுமை, பார்லி, ரை மூன்றையும் பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள். தனிப் பாத்திரம், தனிக் கரண்டி என்பதும் அதிலேயே இருக்கட்டும். 'பதிலாக' என்ற இடத்தில் சோறு, பீன்ஸ், உருளைக்கிழங்கு, சோள டார்ட்டியா என்று எழுதி வாங்கினால் பொய் இல்லாமலே பாதி வீகன் வேலை முடிந்துவிடும். கடிதத்தைப் பள்ளி நர்ஸிடமும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டின் நியூட்ரிஷன் அலுவலகத்திலும் கொடுங்கள். கூடவே 504 திட்டம் கேளுங்கள், உடற்குறைபாடுள்ள பிள்ளைக்குப் பள்ளி செய்யவேண்டிய ஏற்பாடுகளை எழுதிவைப்பது அது. வகுப்புப் பிறந்தநாள் கேக், கோதுமை மாவில் செய்த விளையாட்டு மாவு எல்லாம் அதில்தான் அடங்கும். பால் வேண்டாம் என்பதைத் தனிக் கடிதமாகக் கொடுங்கள். சோயா பால் தரும் பள்ளிகள் உண்டு.

பரிசோதனை இன்னும் முடியவில்லை என்றால் கோதுமையை இப்போதே நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தியபின் எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். அப்புறம் கடிதத்துக்கு அடிப்படையே இருக்காது.

கடிதம் இருந்தாலும் கஃபேட்டீரியாவில் கண் வேண்டும். அங்கே வீகன் என்று வருவது பல சமயம் கோதுமைப் புரதத்தில் செய்த நக்கெட் அல்லது பர்கராக இருக்கும். குளூட்டன் இல்லாதது என்று வரும் ரொட்டியில் முட்டை வெள்ளைக்கரு இருக்கலாம், இல்லையென்றால் தட்டில் சீஸ் இருக்கலாம். இரண்டும் சேர்ந்து பொருந்துவது பழம், காய், பீன்ஸ், வெறும் உருளைக்கிழங்குதான். ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ் பார்க்கச் சாதுவாக இருக்கும். ரொட்டித்தூள் போட்ட நக்கெட் பொரித்த அதே எண்ணெயில் பொரித்திருந்தால் அதுவும் ஆகாது. சாலட் பாரில் ரொட்டித்துண்டு எடுத்த இடுக்கியாலேயே கேரட்டும் எடுப்பார்கள்.

கட்டணத்தையும் சொல்லிவிடுகிறேன். குடும்ப வருமானம் மத்திய வறுமைக்கோட்டின் 130 சதவீதத்துக்குள் இருந்தால் உணவு இலவசம். 185 சதவீதம் வரை ஒரு மதியச் சாப்பாட்டுக்கு அதிகபட்சம் 40 சென்ட். தகுதி இருந்தால் விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

இனி டப்பா. குளூட்டன் இல்லாத ரொட்டி, பிஸ்கட், பாஸ்தா பக்கம் போனால்தான் செலவு ஏறும். அந்த ரொட்டி அளவில் சின்னது, விலையோ சாதாரண ரொட்டியைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அரிசியும் பருப்பும் தேங்காயும் இருக்கிற வீட்டுக்கு அது எதற்கு? இட்லி, அடை, சேவை, கொழுக்கட்டை, சாம்பார் சாதம் எல்லாம் இயல்பாகவே இரண்டு கட்டுப்பாட்டுக்குள்ளும் வருபவை. தயிர் சாதத்துக்கு மட்டும் மாற்று வேண்டும்: குழைந்த சோற்றில் இனிப்பில்லாத சோயா தயிர் கலந்து தாளித்துவிடுங்கள்.

ஆனால் நம் சமையலிலேயே ஒளிந்திருப்பது பெருங்காயம். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். சாம்பார் பொடி, ரசப் பொடி, இட்லிப் பொடி, ஊறுகாய், முறுக்கு வரை அது போய்விடும். அரிசி மாவு கலந்த பெருங்காயமும் விற்கிறார்கள். அதை வாங்குங்கள், அல்லது விட்டுவிடுங்கள். பொடிகளை வீட்டில் அரைப்பதுதான் நல்லது. சேமியா, ரவை கோதுமை என்பது தெரிந்ததே. சோயா சாஸிலும் கோதுமை உண்டு. இங்கே 'குளூட்டன் ஃப்ரீ' என்று அச்சிட்டிருந்தால் பத்து லட்சத்தில் 20 பங்குக்குக் கீழே என்று அர்த்தம். இந்தியக் கடையில் கேழ்வரகு மாவு, கடலை மாவு வாங்கும்போது அந்த வரியைத் தேடுங்கள், கோதுமை அரைத்த ஆலையிலேயே அரைத்திருக்கலாம். முழுப் பருப்பு வாங்கினால் தட்டில் பரப்பிப் பொறுக்கி, களைந்து எடுங்கள். நடுவில் கோதுமை, பார்லி மணி கிடப்பது அபூர்வமில்லை. திறந்த தொட்டியில் அள்ளி விற்பதை வாங்கவேண்டாம். சப்பாத்தி சுடும் கல்லில் அவள் தோசை கூடாது, சல்லடையும் தனி.

பள்ளியில் பிள்ளைகளுக்கு மைக்ரோவேவ் இருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டு நேரமும் கொஞ்சம்தான், அதனால் கரண்டியால் அள்ளும் சாப்பாடே தோது. 300 மில்லி அளவில் வாய் அகன்ற ஃபிளாஸ்க் ஒன்று போதும். காலையில் கொதிக்கும் தண்ணீர் ஊற்றி மூடிப் பத்து நிமிடம் வையுங்கள். கொட்டிவிட்டு, ஆவி பறக்கும் சாப்பாட்டைக் கழுத்துவரை நிரப்புங்கள். பாதி நிரப்பினால் சீக்கிரம் ஆறும். மதியம் வரை 60 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் இருக்கவேண்டும். வீட்டில் ஒரு நாள் வைத்துத் திறந்து, தெர்மாமீட்டரால் பார்த்துவிடுங்கள். இரவு மேடையில் கிடந்த சோற்றைச் சூடாக்கி அனுப்பாதீர்கள். அதில் வளரும் பேசிலஸ் கிருமியின் நஞ்சு சூட்டுக்கும் அழியாது. மிஞ்சினால் உடனே அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள்.

சாம்பார் சாதத்துக்கு அரை கப் அரிசி, கால் கப் துவரம் பருப்பு, மூன்றரை கப் தண்ணீர். ஃபிளாஸ்க்குக்குள் இன்னும் இறுகும், ஆகவே கரண்டியிலிருந்து வழியும் பதத்தில் இறக்குங்கள். இட்லிக்கு நான்கு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு உளுந்து, ஒரு கைப்பிடி அவல். அவல் சேர்த்தால் ஆறினாலும் விறைக்காது. சின்ன இட்லியாக ஊற்றி, நல்லெண்ணெயும் பொடியும் பிரட்டிச் சூடாக அடைத்துவிடுங்கள். டிசம்பரில் மாவு பொங்கவில்லை என்றால் பேக்கிங் அவனின் (oven) விளக்கை மட்டும் போட்டு உள்ளே வையுங்கள். எலுமிச்சைச் சேவை ஆறியும் தின்னலாம், ஆனால் வேர்க்கடலை போடுமுன் வகுப்பில் கடலைத் தடை உண்டா என்று கேளுங்கள். தடை இருந்தால் வறுத்த சூரியகாந்தி விதை போடலாம். பக்கத்துக்குச் சுண்டல், அல்லது கால்சியம் சேர்த்து உறையவைத்த டோஃபு.

பி12 தாவர உணவில் கிடைக்காது. சீலியாக்கில் இரும்புச்சத்தும் குறையும். இரண்டையும் குழந்தை மருத்துவரிடம் பார்க்கச் சொல்லி, அவர் தரும் மாத்திரையில் கோதுமை ஸ்டார்ச் இல்லையா என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்குங்கள்.