பெயர்வெளியும் கம்பைலரும்: கேள்வி பதில்

மொரிசியஸின் ரோஸ் ஹில்லில் சனிக்கிழமைதோறும் மாணவர்களோடு சேர்ந்து எழுதிவரும் சிறிய தமிழ் நிரல்மொழியில் பெயர்வெளி (namespace) வசதியை, அதாவது பெயர்கள் மோதாதபடி அவற்றைத் தனித்தனிக் குழுக்களாக வைக்கும் வசதியைச் சேர்க்கத் தொடங்கியதிலிருந்து கேள்விகள் வந்தவண்ணம் உள்ளன. எழுதிய நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் கருவியைப் பாடநூல்கள் நிரல்பெயர்ப்பி என்று எழுதினாலும், வகுப்பில் எல்லோரும் கம்பைலர் என்றே சொல்வதால் இங்கும் அச்சொல்லையே ஆள்கிறேன்.

கேள்வி (கியூர்பைப், மாணவி): ஐயா, பெயர்வெளி இல்லாமலே எங்கள் நிரல்கள் ஓடுகின்றனவே. பிறகு அது எதற்கு?

பதில்: நூறு வரி நிரலுக்கு அது தேவையில்லை, அம்மா. பேருந்துச் செலவைக் கணக்கிடும் கோப்பில் நீங்கள் ‘கட்டணம்’ என்று ஒரு செயற்கூறு (function) எழுதி, டியூஷன் கணக்கைப் பார்க்கும் கோப்பில் உங்கள் தோழியும் அதே பெயரை வைத்து, இரண்டையும் ஒரே நிரலில் சேர்க்கும் நாளில்தான் அதன் அருமை தெரியும். ‘பேருந்து.கட்டணம்’, ‘டியூஷன்.கட்டணம்’ என்று எழுதினால் இருவருமே பெயரை மாற்ற வேண்டியதில்லை.

கேள்வி (சேன் தெனி, ரெயூனியன்): பிரிப்புக் குறியாகப் புள்ளியைத் தேர்ந்தது ஏன்? பிஎச்பி மொழி பின்சாய்வுக்கோட்டை (\) வைத்திருக்கிறது. ஆனால் எங்கள் பிரெஞ்சு விசைப்பலகையில் அதற்கு ஆல்ட்-ஜிஆர் விசையையும் 8-ஐயும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கிறது.

பதில்: பிஎச்பிக்கு அந்தக் குறி விருப்பத்தால் வந்ததன்று. 2009-இல் வெளிவந்த 5.3 பதிப்புக்காக முதலில் இரட்டை முக்காற்புள்ளியைத்தான் (::) முயன்றார்கள். ஆனால் நிரலில் எழுதும் வகுப்பின் (class) நிலைச் செயற்கூறுகளை (static method) அழைக்கவும் அதே குறி வழங்கியதால், இடப்பக்கம் இருப்பது பெயர்வெளியா வகுப்பா என்ற குழப்பம் தீரவில்லை. புள்ளியிலும் இதே சிக்கல் உண்டு. ஜாவா அதற்கு ஒரு முன்னுரிமை விதி வைத்திருக்கிறது: ஒரே பெயர் மாறியாகவும் (variable) வகுப்பாகவும் தொகுதியாகவும் (package) பொருள்படக்கூடிய இடத்தில், மாறிக்கே முதலிடம், அடுத்தது வகுப்பு, கடைசியில் தொகுதி. எங்கள் விதி இன்னும் கண்டிப்பானது: இறக்குமதி செய்த பெயர்வெளியின் பெயரை அந்தக் கோப்பில் எந்த மாறிக்கும் வைக்கக் கூடாது. படிப்பவர் ஊகிக்க வேண்டிய நிலையை விதியாக்குவதைவிட, எழுதும்போதே தடுப்பது நல்லது என்று நம்புகிறேன்.

கேள்வி (குவாத்ர் போர்ன்): தைப்பூசக் காவடி நாளைக் கணக்கிடும் நிரலில் ‘பௌர்ணமி’ என்று மாறியை அறிவித்திருக்கிறேன். இரண்டு வரி தள்ளி அதே பெயரை எழுதினால், அப்படி ஒரு பெயரே இல்லை என்று கம்பைலர் சொல்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கின்றன.

பதில்: நீங்கள் அனுப்பிய கோப்பை எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பார்த்தேன். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் ‘பௌ’வை மூன்று விதமாக எழுதலாம். ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் தரும் யூனிகோடு தரத்தில் ஔகாரக் குறி 3020 என்ற ஒற்றை எண்ணாக இருக்கலாம். ஒற்றைக்கொம்பு 3014, ஔகார நீட்டல் குறி 3031 என்று இரண்டாகவும் இருக்கலாம். இவ்விரண்டும் ஒன்றே என்று யூனிகோடு தரம் சொல்கிறது. எனவே கம்பைலர் பெயர்களைப் பதிந்துவைக்கும் குறியீட்டு அட்டவணையில் பெயரை இடுவதற்கு முன் இயல்பாக்கிவிட்டால், அதாவது ஒரே வடிவுக்கு மாற்றிவிட்டால், அந்த வேறுபாடு மறைந்துவிடும். பைத்தானும், 1.53 பதிப்பிலிருந்து தமிழ்ப் பெயர்களை ஏற்கும் ரஸ்டும் இதைச் செய்கின்றன, ஜாவாஸ்கிரிப்ட் செய்வதில்லை. மூன்றாவது விதம்தான் உங்களுடையது: ஒற்றைக்கொம்புக்குப் பின் சாதாரண ளகரத்தை, அதாவது 2995-ஐத் தட்டியிருக்கிறீர்கள். அது ‘பெளர்ணமி’, யூனிகோடு கணக்கில் வேறு சொல். அதை இயல்பாக்கம் ஒன்றாக்காது, ஒன்றாக்கவும் கூடாது. ளகரம் உண்மையாகவே வரும் சொற்கள் கெட்டுவிடும். ஆகவே பெயர் கிடைக்காதபோது ஔகாரத்தையும் ளகரத்தையும் மாற்றிப் பார்த்து, ஒத்த பெயர் இருந்தால் அதைச் சுட்டிக்காட்டும் சோதனையைச் சென்ற வாரம் சேர்த்திருக்கிறோம். தமிழ்ப் பெயர்களை ஏற்கும் எந்தக் கம்பைலருக்கும் இது முதல் நாளே செய்ய வேண்டிய வேலை. நாங்கள் பிந்திச் செய்ததற்கு வருந்துகிறேன்.

கேள்வி (எபேன், நிரலாளர்): கோ மொழியில் தமிழ்ப் பெயர் வைக்க முயன்று தோற்றேன். என் தவறா?

பதில்: உங்கள் தவறன்று. கோவின் விதிப்படி ஒரு பெயரில் எழுத்துகளும் எண்களும் அடிக்கோடும் மட்டுமே வரலாம். நம் உயிர்க்குறிகளையும் மெய்ப்புள்ளியையும் யூனிகோடு ‘குறி’ என்று வகைப்படுத்துவதால் அவை விலக்கப்படுகின்றன. ‘பல’, ‘நட’ போன்ற சொற்கள் ஏற்கப்படும், ‘கடல்’ ஏற்கப்படாது. மேலும், தொகுதிக்கு வெளியே தெரிய வேண்டிய பெயர் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்பது அங்கே விதி. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடே இல்லை. அதனால்தான் எங்கள் மொழியில் ‘பொது’ என்ற தனிச் சொல்லை வைத்தோம்.

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன்): ஒரு பெயர்வெளியில் உள்ள அனைத்தையும் ஒரே வரியில் இறக்குமதி செய்யும் வசதி எப்போது வரும்?

பதில்: வராது. சி++ மொழியில் நிலையான நூலகத்தை (standard library) முழுவதுமாகத் திறந்து வைத்தவர்களுக்கு, 2017-ஆம் ஆண்டுத் தரத்தில் ‘பைட்’ என்ற பெயர் அந்த நூலகத்தில் சேர்ந்ததும், விண்டோஸ் தலைப்புக் கோப்புகளில் (header) ஏற்கெனவே இருந்த ‘பைட்’டோடு மோதல் வந்தது. தாங்கள் ஒரு வரியையும் மாற்றாமலே அவர்களுடைய நிரல் நின்றது. வேண்டிய பெயர்களை ஒவ்வொன்றாக எழுதுங்கள். எழுதச் சற்று நேரம் பிடிக்கும்; ஆனால் பெயர் எங்கிருந்து வந்தது என்பதை ஆறு மாதம் கழித்துப் படிப்பவர் அந்தக் கோப்பிலேயே காண்பார்.

கேள்வி (போர்ட் லூயி): பிழைக்குக் கீழே கம்பைலர் இடும் அம்புக்குறி வரியையும் தாண்டி எங்கோ வலப்பக்கம் போய் நிற்கிறதே?

பதில்: ‘தமிழ்’ என்ற சொல்லில் நாம் காண்பது மூன்று எழுத்து; யூனிகோடில் அது ஐந்து குறியீடு; யூனிகோடு எண்களைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8-இல் எழுதிய கோப்பில் பதினைந்து பைட். எங்கள் பழைய கருவி பைட்டுகளை எண்ணி அத்தனை இடைவெளி விட்டது. எழுத்தை எண்ணினாலும் முனையத் திரையில் (terminal) தமிழெழுத்துகளின் அகலம் ஒரே சீராக இராததால் அம்பு பொருந்தாது. நிரல் எழுதும் திருத்திகளோடு (editor) மொழிக் கருவிகள் பேசப் பயன்படும் மொழிச் சேவையக நெறிமுறையோ (LSP) இயல்பாக யுடிஎஃப்-16 என்ற மற்றொரு சேமிப்பு முறையின் அலகில் எண்ணுகிறது. வேறு அலகுக்கு இரு தரப்பும் உடன்பட அந்நெறிமுறையின் 3.17 பதிப்பு இடமளிக்கிறது. எனவே உள்ளே பைட்டுகளாகவே வைத்துக்கொண்டு, திருத்திக்கு அனுப்பும்போது மட்டும் மாற்றுகிறோம். முனையத்தில் அம்பை நீக்கிவிட்டோம். அதற்குப் பதிலாகப் பிழையான சொல்லையே எடுத்துக் காட்டுகிறோம். குவாத்ர் போர்ன் நண்பரின் கோப்புக்கு இப்போது வரும் செய்தி இது: “வரி 14: ‘பெளர்ணமி’ என்ற பெயர் இல்லை. வரி 12-இல் ஔகாரத்தோடு ‘பௌர்ணமி’ இருக்கிறது, அதையா குறித்தீர்கள்?”