ஜிப்சம் பலகைச் சுவரில் பொருள் மாட்டத் தானே துளையிடும் ஆங்கர் ஏற்றதா?

செங்கோட்டை வீட்டில் மாடி அறையை ஜிப்சம் பலகையால் தடுத்திருப்பதாகவும், அதில் அடித்த ஆணி கடிகாரத்தோடு விழுந்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். விழுந்ததில் வியப்பில்லை. அந்தப் பலகை பெரும்பாலும் 12.5 மி.மீ. கனமே உள்ளது, இரண்டு தாள்களுக்கு நடுவே இறுகிய ஜிப்சம்தான் என்பதால், வழவழப்பான ஆணிக்கு அதில் பிடிமானம் கிடையாது. ஆங்கர் என்பது கூர்முனையும் அகன்ற மரைகளும் உள்ள, திருகாணியை உள்ளே ஏற்கும் சிறு உறை; அதன் மரைகளோ பலகையின் முழுக் கனத்தையும் கவ்விக்கொள்கின்றன.

இதற்கு டிரில் வேண்டாம். கூர்முனையைக் குறித்த இடத்தில் ஊன்றி, நட்சத்திர முனைத் திருப்புளியால் கையாலேயே அழுத்தித் திருகி, தலை பலகையோடு சமமானதும் நிறுத்திவிட வேண்டும். இன்னும் அரைச் சுற்று என்று ஆசைப்பட்டால் மரைகள் சுற்றியுள்ள ஜிப்சத்தைப் பொடியாக்கிவிடும். ஆங்கர் வெறுமனே சுழலும், அந்தத் துளை பிறகு எதற்கும் உதவாது. சரியாக அமர்ந்த பின்பே திருகாணியை அதனுள் செலுத்துங்கள்.

கடிகாரம், சாவிக் கொக்கி, சிறு படம் ஆகியவற்றுக்கு இது போதும். பொட்டலத்தில் அச்சிட்ட எடையில் கால் பங்குக்கு மேல் நான் ஏற்றுவதில்லை. டிவி, புத்தக அலமாரி போன்றவற்றைப் பின்னாலுள்ள தகரச் சட்டத்தில்தான் பொருத்த வேண்டும்; சிறு காந்தத்தைச் சுவரில் நகர்த்தினால், சட்டத்தில் முடுக்கிய திருகாணிகள் இருக்குமிடத்தில் அது ஒட்டிக்கொள்ளும். சாரல் காலத்தில் ஈரம் இறங்கும் பகுதியில் ஆங்கர் போடாதீர்கள், நனைந்த ஜிப்சம் இளகிவிடும். செங்கல் சுவருக்கு இது உதவாது. அங்கே டிரில்லும் பிளாஸ்டிக் பிளக்கும்தான்.