பொண்ணு ஃபுட்பால் ஆடுது, ஊர் பேசுது

அரசுப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து பெண்கள் ஃபுட்பால் பற்றி வந்த நான்கு கடிதங்களுக்கு இந்த முறை பதில் எழுதுகிறேன்.

என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். ஒரு டீச்சர் நடத்தும் ஃபுட்பால் டீமில் ஆறு மாதமாக ஆடுகிறாள். "வயசுக்கு வந்த பொண்ணு அரை டிராயர் போட்டுக்கிட்டு ஓடலாமா, வெயில்ல கறுத்துப் போனா எவன் கட்டுவான்" என்று மாமியார் தினமும் சண்டை. வீட்டுக்காரர் வாயே திறப்பதில்லை. என்ன செய்ய?
- ஒரு அம்மா, பாலக்கோடு பக்கம்

டிரஸ் பிரச்சினையை இன்றைக்கே முடித்துவிடலாம். டிராயருக்கு உள்ளே முழுக்கால் லெகிங்ஸ் போட்டுக்கொண்டு ஆட ஃபுட்பால் விதியிலேயே இடம் இருக்கிறது, டிராயர் என்ன நிறமோ அதே நிறமாக இருந்தால் சரி. தலையை மூடிக்கொண்டு ஆடவும் 2014 முதல் உலக ஃபுட்பால் சங்கமான ஃபிஃபா அனுமதிக்கிறது. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் கறுப்பு லெகிங்ஸோடுதான் ஆடினார்கள், ஒரு கோல்கூட அதனால் குறையவில்லை.

அப்புறம் மாமியாரை ஒரு நாள் கிரவுண்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். நான் வேலையில் இருந்தபோது ஒரு பாட்டி இப்படித்தான் கோபமாக வந்து புளியமரத்தடிக் கல்லில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் பேசவே இல்லை. கடைசியில் எழுந்து என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "இத்தினி புள்ளைங்க ஓடுதுங்களே, ஒண்ணுக்கு வந்தா எங்க போவுதுங்க?" என்னிடம் பதில் இல்லை. பிள்ளைகள் தண்ணீரே குடிக்காமல் அடக்கிக்கொண்டு ஆடுகிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அந்த வாரமே தலைமையாசிரியரிடம் போய் மாலையிலும் கழிப்பறை சாவி எங்களிடம் இருக்கும்படி செய்தோம். வீட்டுப் பெரியவர்கள் கறுத்துப்போவாள் என்று சொல்லும்போது, பெரும்பாலும் அதற்கு அடியில் இப்படி ஒரு நியாயமான பயம் இருக்கும், அது எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நேரத்தையும் டீச்சரிடம் கறாராகப் பேசிவிடுங்கள். மார்கழியில் ஆறு மணிக்கே இருட்டிவிடும், அதனால் ஐந்தேகாலுக்கு விட்டால்தான் பிள்ளை வெளிச்சத்தோடு வீடு சேரும். மாதவிலக்கு நாட்களில் வலி இல்லையென்றால் ஆடலாம், வலித்தால் உட்காரட்டும், அதை யாரிடமும் விளக்கிச் சொல்லவேண்டிய அவசியம் பிள்ளைக்கு இருக்கக்கூடாது. சாப்பாட்டுக்குத் தனிச் செலவு வேண்டாம், நம் வீட்டு ராகிக் களியும் முருங்கைக்கீரையும் ஒரு கை வேர்க்கடலையும் போதும். ஆனால் வெறும் வயிற்றோடு மட்டும் அனுப்பாதீர்கள்.

வீட்டுக்காரர் மௌனமாக இருக்கிறார் என்றால் வேண்டாம் என்றும் அவர் சொல்லவில்லை, இல்லையா? அடுத்த மேட்சுக்கு அவரையே வண்டியில் கொண்டுபோய் விடச் சொல்லுங்கள்.

பொண்ணுங்க ஃபுட்பால் ஆடறது வெள்ளைக்காரன் வழக்கம். நம்ம ஊருக்கு எதற்கு? ஆடி என்ன கிடைக்கப்போகிறது?
- ஒரு பெரியவர், அரூர்

ஐயா, வெள்ளைக்காரரும் உங்களைப் போலத்தான் சொன்னார்கள். 1920 டிசம்பரில் லிவர்பூலில் ஒரு பெண்கள் ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் திரண்டார்கள். அடுத்த வருடமே, இந்த ஆட்டம் பெண்களுக்கு ஒத்துவராது என்று இங்கிலாந்து ஃபுட்பால் சங்கம் தன் மைதானங்களைப் பெண்களுக்கு மூடிவிட்டது. திறக்க ஏறக்குறைய 50 வருடம் ஆனது. எந்த ஊர்ப் பெண்ணுக்கும் இந்த ஆட்டம் சும்மா கிடைத்துவிடவில்லை.

நம் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்றும் சொல்கிறேன். 2018-இல் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று ஜெயித்துத் தமிழ்நாடு பெண்கள் அணி தேசிய சாம்பியன் ஆனது. மணிப்பூர் என்றால் இந்த ஆட்டத்தில் எவ்வளவு பெரிய பெயர் என்பது ஃபுட்பால் பார்ப்பவர்களுக்குத் தெரியும். 2019-இல் மதுரையின் சேது எஃப்.சி. கிளப் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. 2023-இல் அமிர்தசரஸில் ஹரியானாவைத் தோற்கடித்து மறுபடியும் தமிழ்நாடுதான் தேசிய சாம்பியன். இந்தியாவுக்கு ஆடிய கடலூர் இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர். விளையாட்டு வீரர்களுக்கு அரசு வேலையில் 3 சதவீத இடஒதுக்கீடும் இருக்கிறது.

வேலை எல்லோருக்கும் கிடைக்காது, அது உண்மை. பத்தில் ஒன்பது பிள்ளைகள் மாவட்ட அளவைத் தாண்ட மாட்டார்கள். அவர்களும் ஆடட்டும் என்பேன். ஆண் பிள்ளைகள் ஏரிக்கரையில் கிரிக்கெட் ஆடும்போது என்ன கிடைக்கும் என்று நாம் யாரும் கேட்பதில்லையே.

எனக்கு 24 வயது. கம்பெனியில் ஷிப்ட் வேலை. ஸ்கூலில் ஆடியிருக்கிறேன். இனிமேல் ஆட முடியுமா?
- ஓசூரில் ஒரு தங்கை

தாராளமாக முடியும். 11 பேர் சேரட்டும் என்று காத்திருக்காதீர்கள், ஹாஸ்டல் தோழிகளில் ஐந்தாறு பேர் போதும், வார விடுமுறை அன்று காலையில் தொடங்கிவிடுங்கள். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் மட்டும் ஆடாதீர்கள், முட்டியும் கணுக்காலும் போவது அப்போதுதான். கல்லும் கருவேல முள்ளும் உள்ள தரையென்றால் விலை உயர்ந்த பந்து வேண்டாம், ரப்பர் மேலுறை போட்ட ஐந்தாம் நம்பர் பந்து தாங்கும்.

பென்னாகரம் பக்கம் 14 பிள்ளைகளோடு கிளப் ஆரம்பித்தேன். இப்போது 9 பேர்தான். இரண்டு பேருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. இன்னொரு பிள்ளைக்கு 16 வயது, மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள் என்கிறார்கள். தலையிட்டால் கிளப்பையே மூடிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.
- ஒரு பயிற்சியாளர்

தங்கச்சி, இந்தக் கடிதத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். நம் இரண்டு மாவட்டத்திலும் இது புதிதில்லை.

பயம் நியாயமானது. ஆனாலும் தலையிடத்தான் வேண்டும், தனியாகத்தான் தலையிடக்கூடாது. 18 வயதுக்கு முன் கல்யாணம் செய்துவைப்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், செய்துவைக்கிறவர்களுக்கு 2 வருடம் வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம் உண்டு. குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு போன் போட்டுச் சொல்லுங்கள், மாவட்ட சமூகநல அலுவலர் பார்த்துக்கொள்வார். நேரம் இருந்தால் அதற்கு முன்னால் வகுப்பாசிரியையையும் அங்கன்வாடி அக்காவையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு ஒரு முறை போய்ப் பேசுங்கள். தேதி குறித்துவிட்டார்கள் என்றால் மட்டும் பேச்சுக்கு நேரம் கொடுக்காதீர்கள்.

என் டீமில் லெஃப்ட் விங் ஆடிய பிள்ளை ஒருத்தி மூன்று நாள் வரவில்லை. நான்காம் நாள் அவள் தம்பி ஒரு மஞ்சப்பையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஓடிவிட்டான். உள்ளே கிளப் கொடுத்த பூட்ஸ். மண்ணெல்லாம் கழுவி, லேஸைத் தனியாகத் துவைத்துக் காயவைத்து மடித்து வைத்திருந்தாள். அன்று சாயங்காலமே நானும் அவள் வகுப்பு டீச்சரும் போனோம். அவள் அப்பா கத்தவில்லை. "நான் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிட்டா வயசுப் பொண்ணை யார் பாத்துக்குவா, நீங்க பாத்துக்குவீங்களா?" என்றார். சட்டம் பேசப் போன எனக்கு அதற்குச் சட்டத்தில் பதில் இல்லை. விடுதியுள்ள அரசுப் பள்ளியில் இடம் வாங்கித் தருகிறோம் என்று சொல்லி, இரண்டு வாரம் அலைந்து வாங்கியும் கொடுத்தோம். கல்யாணம் நின்றது. பிளஸ் டூ முடித்தாள். அந்த விடுதியில் ஃபுட்பால் இல்லை, அதனால் அதன்பிறகு அவள் ஆடவே இல்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அதனால் அந்த 16 வயதுப் பிள்ளை வீட்டில் என்ன பயம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். விடுதி தேவைப்பட்டால் அரசு விளையாட்டு விடுதித் தேர்வு எப்போது என்று மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் இந்த வாரமே கேட்டுவிடுங்கள், அங்கே படிப்பும் நடக்கும், பந்தும் இருக்கும். கல்யாணம் ஆன இரண்டு பிள்ளைகள் வீட்டுக்கும் ஒரு நடை போய்வாருங்கள். பூட்ஸைத் திருப்பிக் கேட்காதீர்கள்.